பெரிய வீடு, சிறிய வீடு, பின்வீடு, கொட்டில்: நியூ இங்கிலாந்தின் பழைய பண்ணை வீட்டைப் படித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ இங்கிலாந்து எனப்படும் பகுதியில், மெய்ன் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் கிராமச் சாலைகளில் பயணம் செய்தால் ஒரே வகையான வீடு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். சாலையைப் பார்த்து ஒரு வெள்ளை வீடு. அதன் முதுகை ஒட்டி அதைவிடச் சிறிதாக இன்னொரு வீடு. அதற்கும் பின்னால் தாழ்ந்த கூரையும் அகன்ற திறப்புகளும் கொண்ட ஒரு நீளக் கூடம். கடைசியில், மற்ற மூன்றையும் குள்ளமாக்கிவிடும் உயரத்தில், மாடுகளும் உலர்புல்லும் இருந்த கட்டடம். நான்கும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த குழந்தைகள் இந்த வரிசையை விளையாட்டுப் பாட்டாகவே சொன்னார்கள்: பெரிய வீடு, சிறிய வீடு, பின்வீடு, கொட்டில்.

தொழுவமும் புல் பரணும் போரடிக்கும் களமும் ஒரே கூரைக்குள் இருக்கும் அந்தக் கடைசிக் கட்டடத்துக்குத் தமிழில் சரியான ஒற்றைச் சொல் கிடையாது. நம் கிராமங்களில் இவை மூன்றும் வெவ்வேறு இடங்களில் இருப்பவை. இந்தக் கட்டுரை முழுவதும் அதைக் 'கொட்டில்' என்றே சொல்கிறேன்.

நியூ ஹாம்ப்ஷயரில் குடியேறிய முதல் சில ஆண்டுகள் இந்த வீடுகளை அழகிய பின்னணியாக மட்டுமே பார்த்தேன். பிறகு ஒரு பழைய கொட்டிலைப் பழுதுபார்க்கும் தச்சர் ஒருவருக்குச் சில வார இறுதிகளில் உதவியாளாகப் போனேன். அன்று முதல் இவ்வீடுகளைக் கடந்துபோகும்போதெல்லாம் காரை ஓரமாக நிறுத்தாமல் இருக்க முடிவதில்லை. இவை ஒரே நாளில் கட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொரு இணைப்பும் ஒரு குடும்பம் ஒரு நெருக்கடியில் எடுத்த முடிவு. அந்த முடிவுகளை மரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்பதால்தான் இந்த வழிகாட்டி.

புறப்படும் முன்

இவற்றில் பெரும்பாலானவை இன்றும் மக்கள் வாழும் வீடுகள். அனுமதி கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். கையில் ஒரு வலுவான டார்ச், 25 அடி அளவு நாடா, பென்சில், கட்டம் போட்ட நோட்டு, திசைகாட்டி, ஒரு கூர்மையான குத்தூசி ஆகியவை போதும். கொட்டிலுக்குள் பழைய பறவை எச்சமும் எலிப் புழுக்கையும் தூசியாகக் கிடக்கும். நல்ல முகக்கவசம் இல்லாமல் அதைக் கிளறாதீர்கள். 1978இல் அமெரிக்கா வீட்டு வண்ணங்களில் ஈயத்தைத் தடை செய்தது. அதற்கு முந்தைய வண்ணம் எதையும் சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

படி 1: சாலையில் நின்று கூரைகளை எண்ணுங்கள்

உள்ளே போக அவசரப்படாதீர்கள். சாலையின் எதிர்ப்புறம் நின்று முகட்டுக் கோடுகளை மட்டும் வரையுங்கள். ஒரு முகடு எங்கே முடிகிறது, அடுத்தது எவ்வளவு தாழ்ந்து அல்லது உயர்ந்து தொடங்குகிறது, அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே அந்த இடத்தின் முதல் வரலாறு.

பெரிய வீட்டில் விருந்தினர் கூடமும் படுக்கையறைகளும் இருக்கும். சிறிய வீடுதான் சமையலறை. பகல் முழுவதும் குடும்பம் வாழ்ந்த இடம். பின்வீட்டில் விறகு, வண்டி, பட்டறை ஆகியவற்றோடு கொட்டிலை ஒட்டிய கோடியில் கழிப்பிடமும் இருக்கும். அதன் பின் கொட்டில்.

சுவர்ப் பலகைகளையும் இப்போதே கவனித்துவிடுங்கள். சாலையைப் பார்த்த சுவரில் ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் ஏறி நிற்கும் மெல்லிய நீளப் பலகைகள் வண்ணம் பூசி அழகாக இருக்கும். பின்சுவருக்குப் போனால் பல வீடுகளில் மலிவான சிறு மரத்தகடுகள் மட்டுமே அடிக்கப்பட்டிருக்கும். ஊர் பார்க்கும் பக்கத்துக்கு ஒன்று, காடு பார்க்கும் பக்கத்துக்கு ஒன்று. கையில் எவ்வளவு பணம் இருந்தது என்பதையும், அதை எங்கே காட்ட விரும்பினார்கள் என்பதையும் இதைவிடத் தெளிவாக எந்த ஏடும் சொல்லாது.

படி 2: முற்றத்தைக் கண்டுபிடியுங்கள்

கட்டடங்களைப் பார்ப்பவர்கள் அவற்றுக்கு இடையே உள்ள வெறும் நிலத்தைத் தவறவிடுவார்கள். ஆனால் இந்தப் பண்ணையின் இதயம் அங்கேதான் இருக்கிறது.

மூன்று முற்றங்கள் உண்டு. பெரிய வீட்டுக்கு முன்னால் ஒன்று: மரியாதைக்கானது, வேலி போட்டது, அதிகம் கால்படாதது. கொட்டிலை ஒட்டி இன்னொன்று: மாடுகள் நின்று வெயில் காயும் இடம். இவற்றுக்கு நடுவே, சமையலறையும் பின்வீடும் ஒரு பக்கச் சுவராக நிற்க, மூன்றாவது முற்றம். விறகு வெட்டியது, துணி காயவைத்தது, வண்டி பூட்டியது, சோப்புக் காய்ச்சியது, அக்கம்பக்கத்தாரோடு நின்று பேசியது எல்லாம் இங்கேதான். குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் புழங்கிய கதவும் இந்த முற்றத்தில்தான் இருக்கும். பெரிய வீட்டின் முன்கதவு திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் பாதிரியார் வரும்போதும் மட்டும் திறந்தது. இன்றும் இந்த ஊர்களில் முன்கதவைத் தட்டினால் நீங்கள் அந்நியர் என்று தெரிந்துவிடும்.

இப்போது திசைகாட்டியை எடுங்கள். இந்த வேலை முற்றம் பெரும்பாலும் தெற்கையோ கிழக்கையோ பார்த்து இருக்கும். வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும் குளிர்காற்றுக்கு நீண்ட கட்டட வரிசை முதுகைக் காட்டி நிற்கும். மெய்னின் தென்பகுதி ஏறத்தாழ 44 பாகை வடக்கில் உள்ளது. டிசம்பர் 21 அன்று அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 23 பாகை மட்டுமே ஏறும். அதே நாளில் சென்னையில் 53 பாகை. வெயிலுக்கு மறைவு தேடி வீடு கட்டிய ஊரிலிருந்து வந்த எனக்கு, வெயிலைப் பிடித்து வைப்பதற்காகவே கட்டிய இந்தச் சுவர் வரிசை முதலில் புரியவில்லை. ஜனவரி மாத நண்பகல் ஒன்றில் அந்த முற்றத்தில் சுவரில் சாய்ந்து நின்ற பிறகுதான் புரிந்தது. நீங்களும் முடிந்தால் குளிர்காலத்தில் போய் நின்று பாருங்கள்.

படி 3: பனிக்கதையை ஒதுக்கி வையுங்கள்

"பனியில் நனையாமல் மாட்டைப் பார்க்கப் போவதற்காகச் சேர்த்துக் கட்டினார்கள்." யாரைக் கேட்டாலும் இந்த விளக்கம்தான் கிடைக்கும். வசதி உண்மைதான். காரணம் அதுவல்ல.

எளிய கேள்வி ஒன்று போதும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இதே பனியில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் வீட்டையும் கொட்டிலையும் தனித்தனியாகவே கட்டினார்கள். குளிர் கடுமையான வேறு பல பகுதிகளில் இந்த வழக்கம் வேரூன்றவே இல்லை. பனி மாறவில்லை, பிழைப்பு மாறியது.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது வானில் பரப்பிய கந்தகத் துகள் திரையால் 1816இல் நியூ இங்கிலாந்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் உறைபனி விழுந்து பயிர் கருகியது. பலர் ஒஹாயோ நோக்கிக் கிளம்பினார்கள். 1825இல் மேற்கின் பேரேரிகளை நியூயார்க்கோடு இணைக்கும் ஈரி கால்வாய் திறந்தது. கல் நிறைந்த மெய்ன் வயல்களோடு போட்டியிட, மேற்கின் வளமான மண்ணில் விளைந்த கோதுமை மலிவு விலையில் கிழக்குச் சந்தைக்கு வந்தது. 1853இல் மெய்னின் போர்ட்லாந்திலிருந்து கனடாவின் மான்ட்ரியாலுக்கு ரயில் பாதை முடிந்தது. ஊரை விட்டுப் போகாமல் தங்கியவர்கள் என்ன செய்வது? ஒரு பயிரை நம்பாமல் பத்து வேலை செய்தார்கள். வெண்ணெய், ஆப்பிள், கோழி, டப்பாத் தொழிற்சாலைக்கு இனிப்புச் சோளம், பீப்பாய்ப் பலகை, வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் காலணி. பத்து வேலைக்கும் வீட்டை ஒட்டி, கூரைக்குக் கீழ், விறகடுப்புக்கு அருகில் இடம் வேண்டும். அந்த இடம்தான் சிறிய வீடும் பின்வீடும்.

ஆகவே இந்த வரிசை பழமையின் மிச்சம் அல்ல. தோற்றுவிடக்கூடாது என்று போராடியவர்களின் புதுமை. பெரும்பாலான இணைப்புகள் 19ஆம் நூற்றாண்டிலேயே, அதிலும் நடுப்பகுதியிலும் அதற்குப் பிறகும் நடந்தவை. அடுத்த படிகள் அனைத்தும் இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பயன்தரும்.

படி 4: ஒட்டுகளைத் தேடுங்கள்

இப்போது கட்டடத்தைச் சுற்றி நடங்கள். இரண்டு பகுதிகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் நின்று கவனிக்க வேண்டியவை இவை.

அடித்தளக் கல் மாறுகிறதா? ஒரு பகுதிக்கு வயலில் பொறுக்கிய உருண்டைக் கல்லும் அடுத்ததற்குப் பிளந்த கருங்கல்லும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு காலம். பிளந்த கல்லின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தட்டையான ஆப்புப் பள்ளங்கள் இருந்தால் ஏறத்தாழ 1830க்கு முந்தைய முறை. பென்சில் வைத்தாற்போல் அரைவட்டத் துளைத் தடங்கள் வரிசையாக இருந்தால் அதற்குப் பிந்தையது.

பின்வீட்டின் உட்புறம் சென்று, அது சிறிய வீட்டையோ கொட்டிலையோ தொடும் சுவரைப் பாருங்கள். அங்கே வெயிலிலும் மழையிலும் நரைத்த வெளிச்சுவர்ப் பலகை இருந்தால், அந்தச் சுவர் ஒரு காலத்தில் வானத்தைப் பார்த்தது. சில சமயம் பழைய வண்ணமும், அடைக்கப்பட்ட சன்னல் சட்டமும்கூட அப்படியே இருக்கும். என் வரையில் முழு ஆய்விலும் மனம் சிலிர்க்கும் இடம் இதுதான்.

தனித்தனியாக நின்ற கட்டடங்கள் எப்படி ஒட்டின என்பதற்கு விடை: இழுத்து வந்தார்கள். கொட்டிலையோ பழைய வீட்டையோ அடித்தளத்திலிருந்து நெம்பித் தூக்கி, அடியில் நீண்ட மரச்சறுக்குகளைக் கட்டி, பல இணை எருதுகளைப் பூட்டி, தரை உறைந்த குளிர்காலத்தில் ஊரே கூடி இழுத்தது. சில பண்ணைகளில் தாத்தா கட்டிய முதல் சிறு வீடே பின்னுக்கு இழுக்கப்பட்டுச் சமையலறையாகி, அதன் இடத்தில் புதிய பெரிய வீடு எழுந்தது. எனவே முன்னால் இருப்பது பழையது, பின்னால் இருப்பது புதியது என்று ஒருபோதும் முடிவு கட்டாதீர்கள்.

படி 5: கொட்டிலுக்குள் நுழையுங்கள்

முதலில் பெரிய கதவு எந்தச் சுவரில் இருக்கிறது என்று பாருங்கள். இந்த ஒரு கேள்வி இரண்டு யுகங்களைப் பிரித்துவிடும்.

கதவு கூரை சரிந்து இறங்கும் நீளச் சுவரில், இறவாணத்துக்குக் கீழே இருந்தால் அது 'ஆங்கிலேயக் கொட்டில்'. குடியேறியவர்கள் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த வடிவம். வழக்கமாக 30 அடிக்கு 40 அடி, மூன்று கண்கள், அதாவது தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதிகள்: நடுவே போரடிக்கும் களம், ஒரு பக்கம் கால்நடை, மறுபக்கம் புல். கோதுமையும் ரை என்னும் தானியமும் அடித்த காலத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. அதன் குறை, பெரிதாக்குவது கடினம். கூரையில் சறுக்கும் பனியும் மழைநீரும் நேராகக் கதவின் முன்னால் விழும்.

கதவு முக்கோணச் சுவரில், முகட்டுக்கு நேர் கீழே இருந்தால் அது 19ஆம் நூற்றாண்டில் பரவிய 'நியூ இங்கிலாந்துக் கொட்டில்'. வண்டிப்பாதை கட்டடத்தின் நீளம் முழுவதும் ஓடும். ஒரு பக்கம், பெரும்பாலும் வெயில் விழும் தெற்குப் பக்கம், மாடு கட்டும் வரிசை. மறுபக்கம் தரையிலிருந்து கூரை வரை உலர்புல். மாடு கூடினால் பின்கோடியில் இன்னொரு கண்ணைச் சேர்த்துவிடலாம். தானியத்திலிருந்து பாலுக்கும் வெண்ணெய்க்கும் மாறிய பண்ணையின் கணக்கு இந்தக் கதவு மாற்றத்தில் அப்படியே பதிந்திருக்கிறது.

கதவுக்கு மேல் ஒரு வரிசைச் சிறு கண்ணாடிகள் இருக்கும்; கதவை மூடிய குளிர்காலத்தில் அதுதான் வெளிச்சம். மாடு கட்டும் பக்கத்தின் மேல்தளம் தாழ்ந்திருக்கும். மாடுகளின் உடல்சூடு மேலே போய்விடாமல், மேலே குவித்த புல்லே போர்வையாகும். தரையில் பொறிக்கதவுகள் இருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். கீழே எருக்குழி அறை இருக்கும். சரிவான நிலத்தில் கொட்டிலைக் கட்டி, சாணத்தை நேரே கீழே தள்ளி, மழையில் சத்துக் கரையாமல் காத்து, வசந்தத்தில் வயலுக்கு ஏற்றினார்கள். ஒரு குளிர்கால எருவின் மதிப்பு தெரிந்த எந்த உழவருக்கும் இது விளங்கும்.

முகட்டுக்கு அடியில் ஓர் இரும்புத் தண்டவாளம் ஓடினால், அது புல்லைக் கவ்வித் தூக்கும் முட்கவைக்கானது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் (1861–65) பிந்தைய சேர்க்கை. முகட்டின்மேல் நிற்கும் காற்றுக்கூண்டும் பெரும்பாலும் நூற்றாண்டின் பின்பாதியைச் சேர்ந்தது.

படி 6: கருவித் தடங்களைத் தடவிப் படியுங்கள்

டார்ச்சை மரத்துக்கு இணையாகச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது.

முதலில் பரப்பு. அகன்ற கோடாலியால் செதுக்கிய உத்தரத்தில் நீளமான மென்பள்ளங்களும், இடையிடையே அடையாளக் கோடுபோல் ஆழமான குறுக்கு வெட்டுகளும் தெரியும். ஆற்று நீரில் ஓடிய மேலும்கீழுமான ரம்பம் அறுத்த பலகையில், குறுக்காக, ஒன்றுக்கொன்று இணையான நேர்க்கோடுகள் இருக்கும். வட்டரம்பம் அறுத்ததில் வளைந்த கோடுகள். வட்டரம்பம் கிராமங்களில் பரவலானது ஏறத்தாழ 1840, 50களில். அந்த ஆலைகளின் மரத்தூளுக்கு நம்மோடு ஓர் உறவு உண்டு. சென்னை மெரினாவில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸுக்குக் கப்பலில் வந்த பனிக்கட்டி நியூ இங்கிலாந்துக் குளங்களில் வெட்டப்பட்டது. நான்கு மாதக் கடல் பயணத்தில் அது உருகாமல் காத்தது மரத்தூள்தான்.

அடுத்து பொருத்து. இந்தச் சட்டகத்தில் உத்தரமும் தூணும் ஆணியால் சேர்ந்தவை அல்ல. உத்தரத்தின் முனையில் கழுந்து, தூணில் துளை, இரண்டையும் ஊடுருவும் மர முளை. நம் தச்சர்கள் தேர்க்காலுக்கும் கதவு நிலைக்கும் செய்யும் அதே அறிவு. பழைய தூண்களின் தலை துப்பாக்கிக் கட்டையைப்போல் அகன்றிருக்கும். கூரைச் சட்டமும் குறுக்கு உத்தரமும் அந்த அகன்ற தலையில் அடுத்தடுத்து அமர வேண்டும் என்பதற்காக அப்படி.

பொருத்துக்கு அருகில் உளியால் வெட்டிய கோடுகளைத் தேடுங்கள். ரோமானிய எண்களைப் போன்றவை: மூன்று கோடு, ஒரு பெருக்கல் குறி. பழைய முறையில் ஒவ்வொரு கழுந்தையும் அதற்குரிய துளையோடு வைத்துப் பார்த்துத் தனித்தனியாகச் செதுக்கினார்கள். மூன்றாவது உத்தரம் மூன்றாவது தூணுக்கு மட்டுமே சேரும். அதனால் எண். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூலைமட்டத்தை வைத்துக் கணக்கிடும் முறை வந்தது. கோணல் மரத்துக்குள் ஒரு நேரான மரம் ஒளிந்திருப்பதாக எண்ணி, பொருத்து வரும் இடத்தில் மட்டும் அந்த அளவுக்குக் குடைந்தார்கள். உத்தரம் நுழையும் இடத்தில் தூண் அரை அங்குலம் உள்வாங்கியிருந்தால் இது அந்த முறை. எந்த உத்தரமும் எந்தத் தூணுக்கும் பொருந்தும். வேலை விரைவாக முடியும்.

மூன்றாவதாக ஆணி. கொல்லர் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பி, தலையில் சுத்தியல் முகங்கள் தெரிய இருக்கும். ஏறத்தாழ 1800 வரை. இரும்புத் தகட்டிலிருந்து வெட்டிய ஆணி இரண்டு பக்கம் மட்டும் கூம்பும். 1790களிலிருந்து 1890 வரை அதன் ஆட்சி. உருண்டைக் கம்பி ஆணி அதற்குப் பின்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. என் முதல் ஆண்டில் ஒரு கொட்டிலில் கோடாலி செதுக்கிய உத்தரத்தைக் கண்டு, கட்டடம் முழுவதும் 1790களைச் சேர்ந்தது என்று உரிமையாளரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன். நான் உதவிக்குப் போன தச்சர் அமைதியாக அந்த உத்தரத்தின் அடிப்பக்கத்தைக் காட்டினார். எதுவும் நுழையாத காலித் துளைகள் மூன்று இருந்தன. வேறெங்கோ இடிந்த கொட்டிலின் உத்தரம் அது, மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுற்றியிருந்த தூண்கள் எல்லாம் மூலைமட்ட முறை. ஒருவர் தம் வீட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போகும் கதையை நான் பிழையாக்கியிருந்தேன். அன்றிலிருந்து எந்தப் பகுதிக்கும் மூன்று தனித்தனிச் சான்று இல்லாமல் ஆண்டு சொல்வதில்லை. ஓர் ஆணி அந்த ஆணியின் காலத்தை மட்டுமே சொல்லும். தூணிலும் உத்தரத்திலும் காலித் துளை இருக்கிறதா என்று பார்ப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சமையலறையில் உட்காருங்கள்

கொட்டிலைப் பார்த்துவிட்டு வந்தால் சமையலறை சாதாரணமாகத் தோன்றும். ஆனால் பண்ணையில் அதிகம் மாற்றப்பட்ட அறை இதுதான். காரணம் பெண்களின் உழைப்பு.

பழைய வீடுகளில் நடுவே ஒரு பெரிய செங்கல் புகைபோக்கி; அதைச் சுற்றி அறைகள். சமையல் அதன் திறந்த கணப்பில். 1830களிலிருந்து வார்ப்பிரும்பு அடுப்பு பரவியதும் அந்தப் பூதப் புகைபோக்கி தேவையற்றுப் போனது. பலர் இடித்தார்கள். நிலவறைக்கு இறங்கிப் பாருங்கள்: மேலே ஓர் ஒல்லிப் புகைபோக்கி மட்டும் இருக்க, கீழே ஓர் அறையளவு செங்கல் வளைவு நின்றால், மேலிருந்த பெரியது போய்விட்டது. மேல்தளத்தில் பலகைகள் சதுரமாக ஒட்டுப்போட்டிருப்பதும் அதே சாட்சி.

சமையலறையின் வடக்குப் பக்கத்துச் சிறு அறை பெரும்பாலும் பால் அறை. குளிர்ச்சிக்காக அங்கே. வெண்ணெய் கடைந்து விற்றது வீட்டுப் பெண்களின் வருமானம். அந்த வருமானம் வளர்ந்தபோது சமையலறையும் வளர்ந்தது. பின்னால் கோடைச் சமையலறை ஒன்று சேர்ந்தது. விறகு வீட்டுக்குள்ளிருந்தே கைக்கு எட்ட வேண்டும் என்று பின்வீடு ஒட்டியது. இந்த வரிசையை ஆண்கள் கட்டினார்கள். ஆனால் நாள்தோறும் நூறு முறை அடுப்புக்கும் பால் அறைக்கும் விறகுக்கும் நடந்தவர்களின் கால்களே அதை வரைந்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நடையை நீங்களும் நடந்து, அடிகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

சன்னல்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் தலா பன்னிரண்டு கண்ணாடி என்றால் 18ஆம் நூற்றாண்டு வழக்கம், ஆறும் ஆறும் என்றால் பெரும்பாலும் 1820 முதல் 1860, இரண்டும் இரண்டும் என்றால் அதற்குப் பின்.

படி 8: அடிமரமும் தீயும்

இந்த வீடுகளைக் கொல்பவை இரண்டு: ஈரமும் நெருப்பும்.

அடித்தளக் கல்லின்மேல் படுத்திருக்கும் அடிமரத்தைக் குத்தூசியால் மெல்லக் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அழுகல். கட்டடங்கள் ஒட்டும் மூலைகளில் இரண்டு கூரைகளின் நீரும் பனியும் ஒன்றாக விழும். அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஒட்டிக் கட்டியதற்கு அவர்கள் தந்த விலை அது. கொட்டிலில் யாராவது குறுக்கு உத்தரத்தை அறுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். டிராக்டரோ படகோ நுழைய வேண்டும் என்று அறுத்துவிடுவார்கள். கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். அறுத்த கொட்டிலின் நீளச் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கும். அப்படிப்பட்ட கூரைக்குக் கீழே நிற்காதீர்கள்.

நெருப்பின் விலை இன்னும் பெரிது. சரியாகக் காயாத புல்லைக் குவித்தால் நுண்ணுயிர்களால் உள்ளே சூடேறி, சில வாரங்களில் தானாகவே தீப்பற்றும். கொட்டில் பற்றினால் பின்வீடு, சமையலறை, பெரிய வீடு என்று வரிசையாகப் போய்விடும். மெய்ன் மாநிலத்தின் லிவர்மோரில், வாஷ்பர்ன் குடும்பத்தின் நார்லாண்ட்ஸ் பண்ணையில் 2008இல் கொட்டிலும் அதை ஒட்டிய உழவர் குடிலும் எரிந்தன. மாளிகையைத் தீயணைப்பு வீரர்கள் காப்பாற்றினார்கள். இந்த ஆபத்தை அறிந்தே இணைத்தார்கள் என்பதை நினைத்தால், இணைப்பின் தேவை அவர்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரியும்.

படி 9: ஏடுகளோடு ஒப்பிடுங்கள்

மரம் சொன்னதை எழுதிய பிறகே காகிதத்துக்குப் போங்கள். முன்னால் போனால் பார்க்க விரும்பியதையே பார்ப்பீர்கள். மாவட்டப் பதிவகத்தில் நிலப் பத்திரங்கள் கிடைக்கும். 1798 நேரடி வரிப் பட்டியலில் மாசசூசெட்ஸ், மெய்ன் வீடுகள் பலவற்றின் அளவும் சன்னல் எண்ணிக்கையும்கூட இருக்கின்றன; அப்போது மெய்ன் மாசசூசெட்ஸின் பகுதி. நான் மிகவும் நேசிப்பது 1850 முதல் 1880 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த வேளாண் கணக்கெடுப்பு. எத்தனை ஏக்கர், எத்தனை கறவை மாடு, எத்தனை பவுண்டு வெண்ணெய் என்று உழவர் பெயரோடு எழுதியிருப்பார்கள். 1850க்கும் 1860க்கும் இடையே வெண்ணெய் இரட்டிப்பாகியிருந்து, வட்டரம்பப் பலகையால் கட்டிய பால் அறையும் கண்ணெதிரே நின்றால், சுவரும் ஏடும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. 1933இல் தொடங்கிய அமெரிக்க வரலாற்றுக் கட்டட அளவாய்வின் வரைபடங்கள் நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அளந்து வரைவது எப்படி என்று கற்க அவற்றைவிட நல்ல ஆசான் இல்லை.

படி 10: அடுக்கடுக்காக வரையுங்கள்

முழு வரிசையின் தரைப்படத்தை ஒரு தாளில் வரையுங்கள். கால் அங்குலம் ஓர் அடி என்ற அளவு போதும். அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்து, ஒவ்வொரு காலகட்டத்துக்கும் ஒரு தாள்: முதல் தாளில் தனியாக நின்ற வீடும் தனியாக நின்ற கொட்டிலும், அடுத்ததில் புதிய சமையலறை, அதற்கடுத்ததில் இழுத்து வந்த கொட்டில், கடைசியில் இடைவெளியை நிரப்பிய பின்வீடு. மூன்று சான்று உள்ள சுவரை மையாலும், ஒரு சான்று மட்டும் உள்ளதைப் பென்சிலாலும் வரையுங்கள். சூரியனும் வடமேற்குக் காற்றும் எல்லாத் தாளிலும் இடம்பெற வேண்டும்.

முதன்முதலாகப் பழகுவதற்கு நியூ ஹாம்ப்ஷயரின் டெர்ரியில் உள்ள கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் பண்ணையைப் பரிந்துரைக்கிறேன். 1884இல் கட்டிய வெள்ளை வீடு; கொட்டில் ஒட்டியே நிற்கிறது. அவர் 1900 முதல் 1909 வரை அங்கே கோழி வளர்த்தும் பாடம் நடத்தியும் வாழ்ந்தார். இப்போது மாநில அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவிடம் என்பதால் யாருடைய கதவையும் தட்ட வேண்டியதில்லை. பெரிதும் அல்ல, சிக்கலும் அல்ல. போகும்போது சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து தொடங்குங்கள். கூரைகளை எண்ணி முடிக்கும் வரை கடக்காதீர்கள்.